அசையாத் தூணும் அதிரும் தளமும்

மொழியியல் படித்துப் பணி ஓய்வு பெற்ற ஒருவன் ஆய்வகக் காந்தத்தைப் பற்றிப் பேச முற்படுவது ஏன் என்று ஆசிரியப் பெருமக்களுள் சிலருக்குத் தோன்றலாம். இதற்குக் காரணம் ஒரு மாணவியின் கேள்வி. தெங்கேராவில் எங்கள் தெருவில் வளர்ந்து, இன்று ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வு செய்யும் பெண் அவர். தம் ஆய்வைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுத முயன்றபோது என்னிடம் வந்தார். "ஐயா, என் கருவியின் பெயர் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுமானி என்று முதல் வரியில் எழுதுகிறேன். அடுத்த வரியில், இந்தக் கருவி வேலை செய்ய வேண்டுமானால் அதிர்வே இருக்கக் கூடாது என்று எழுத வேண்டியிருக்கிறது. படிக்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா?" என்று கேட்டார். விடை சொல்ல எனக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அந்த விடையே இவ்வுரை.

சொல்லிலிருந்து தொடங்குகிறேன், எனக்குத் தெரிந்த தொழில் அதுதான். அதிர்வு என்பது பழஞ்சொல். தொல்காப்பியர் உரியியலில் அதிர்வு, விதிர்ப்பு என்னும் இரண்டு உரிச்சொற்களையும் சேர்த்து வைத்து, அவற்றின் பொருள் நடுக்கம் என்கிறார். இந்த மூன்றனுள் நடுக்கம் நிலநடுக்கத்துக்குப் போயிற்று. விதிர்ப்பு வழக்கில் மெலிந்தது. அதிர்வு இயற்பியல் நூல்களுக்கு வந்து சேர்ந்தது. ஒரு பொருள் தனக்கு இயல்பான வேகத்தில் ஆடும்போது, அதே வேகத்தில் வெளியிலிருந்து தூண்டினால் அதன் ஆட்டம் பெருகும். இதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஒத்ததிர்வு என்று பெயரிட்டன. இலங்கைப் பாடநூல்கள் இதையே பரிவு என்றன. ஒன்றின் ஆட்டத்துக்கு மற்றொன்று இரங்கி உடன் ஆடுகிறது என்னும் குறிப்பு அச்சொல்லில் உண்டு. தமிழ்நாட்டார் அதிர்வெண் என்பதை இலங்கையார் மீடிறன் என்பர். மலேசியத் தமிழாசிரியர்கள் இவ்விரு வழக்குக்கும் நடுவில் நின்று, பெரும்பாலும் தமிழ்நாட்டு வழக்கையே கொண்டனர். மாணவியின் சிக்கலுக்கு இலங்கைச் சொல் ஒரு வழி காட்டுகிறது. கருவியைக் காந்தப் பரிவுமானி என்றால், அதிர்வு என்னும் சொல் தளத்துக்கு மட்டும் எஞ்சும். ஆயினும் சொல்லை மாற்றுவதற்கு முன், இரண்டு அதிர்வுகளும் உண்மையில் எப்படி மோதுகின்றன என்று அறிந்துகொள்ள விரும்பினேன்.

அணுக்கரு சிலவற்றுக்குக் காந்தத் தன்மை உண்டு. நீரிலும் எண்ணெயிலும் நம் உடம்பிலும் நிறைந்துள்ள ஹைட்ரஜனின் கரு அவற்றுள் ஒன்று. வலிமையான காந்தப்புலத்தில் வைத்தால் அது பம்பரம் தலை சுற்றுவது போல ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றும். 11.7 டெஸ்லா புலத்தில் அவ்வேகம் விநாடிக்கு 50 கோடி முறை. அதே வேகமுடைய வானொலி அலையைச் செலுத்தினால் கரு அதற்கு விடை தரும். சுற்றியுள்ள எலெக்ட்ரான்கள் புலத்தைச் சிறிதே மறைப்பதால், மூலக்கூறில் ஒவ்வோரிடத்திலும் உள்ள ஹைட்ரஜன் சற்றே வேறுபட்ட வேகத்தில் விடை தருகிறது. இந்தச் சிறு வேறுபாடுகளே மூலக்கூறின் அமைப்பை நமக்குச் சொல்கின்றன. 50 கோடியில் ஒன்றிரண்டு என்ற அளவில் உள்ள வேறுபாட்டையும் பிரித்தறிய வேண்டும் என்பதை நினைவிற் கொள்க. மருத்துவமனையில் நம் முதியோர் படுத்து வரும் எம்.ஆர்.ஐ. இதன் உடன்பிறப்பு. அங்கே அணுக்கரு என்னும் சொல் மக்களை அச்சுறுத்தும் என்று கருதிப் பெயரிலிருந்தே அதை நீக்கிவிட்டார்கள். கரு மட்டும் உள்ளேயே இருக்கிறது.

1945ஆம் ஆண்டின் இறுதியில் ஹார்வர்டில் பர்சலும் அவர் துணைவர்களும், சில வாரங்களுக்குள் ஸ்டான்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் பிளாக்கின் குழுவினரும் தனித்தனியே இந்நிகழ்வைக் கண்டனர். 1952இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எத்தனால் என்னும் சாராயத்தின் மூவகை ஹைட்ரஜன்களும் மூன்று தனிக் கோடுகளாகப் பிரிந்து தெரிந்ததை 1951இல் அறிவித்த மூவருள் ஒருவர் எஸ். எஸ். தர்மட்டி என்னும் இந்தியர். பின்னர் அவர் பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறையைத் தொடங்கினார். அதே 1951இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூரியன், குழாயில் ஓடும் நீர்மத்தின் காந்த ஒத்ததிர்வை அளந்து வெளியிட்டார். தென்னாட்டு ஆய்வகங்கள் இத்துறைக்குப் பிந்தி வந்தவை என்று நினைப்போருக்கு இவ்விரண்டு செய்திகளும் போதும்.

அந்நாளைய காந்தங்கள் இரும்பாலும் செப்புக் கம்பிச் சுற்றாலும் ஆன பருத்த பொருள்கள். டன் கணக்கில் எடை கொண்டு தரையோடு தாழ்ந்து கிடந்தன. அவற்றுக்குத் தொல்லை தந்தது அதிர்வைவிட வெப்பமே. 1960களில் மீக்கடத்திக் காந்தம் வந்ததும் நிலைமை மாறிற்று. கம்பிச் சுற்று திரவ ஹீலியத்தில் அமிழ்ந்திருக்க வேண்டும். வெளி வெப்பம் உள்ளே செல்லாதிருக்க, அதைத் தாங்கும் பிடிகள் மெல்லியவையாக இருக்க வேண்டும். ஆகவே, உயரமான கலத்தினுள் பாரமான சுற்று ஒன்று ஏறத்தாழத் தொங்கிக்கொண்டிருக்கும் அமைப்பாக அது ஆயிற்று. கலமோ மூன்று கால்களில் நிற்கிறது. தளம் சிறிது ஆடினால் கலம் ஆடும். கலம் ஆடினால் உள்ளிருப்பவை தத்தம் போக்கில் ஆடும். மாதிரிக்கும் புலத்துக்கும் இடையே நூலிழையினும் சிறிய நகர்வு நேர்ந்தாலே போதும். அதோடு, குளிர் காக்கும் உலோகத் தகடுகள் புலத்தினுள் அசையும்போது அவற்றில் மின்னோட்டம் தோன்றி, அது தன் பங்குக்குப் புலத்தைச் சீண்டும்.

அதன் விளைவு வியப்பானது. தளம் விநாடிக்கு 12 முறை ஆடினால், ஒவ்வொரு கோட்டின் இருமருங்கிலும் 12 எண் தள்ளி ஒரு பொய்க்கோடு முளைக்கும். மாட்டுவண்டியில் அமர்ந்து பாடுபவரின் குரலில் வண்டியின் குலுக்கல் ஏறிக்கொள்வது போன்றது இது; பாட்டும் கேட்கும், பாதையும் கேட்கும். பொய்க்கோடு மிகச் சிறிது, உண்மைதான். ஆனால் ஆய்வு மாணவர் நீரில் கரைத்து வைத்திருக்கும் பொருளின் அளவைப் பாருங்கள். ஒரு லிட்டர் நீரில் ஹைட்ரஜன் ஏறத்தாழ 110 மோல். கரைந்துள்ள பொருளோ சில வேளைகளில் ஒரு மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நீரின் கோட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கே உயரமுள்ள பொய்க்கோடும் உண்மைப் பொருளின் கோட்டைவிட நூறு மடங்கு உயர்ந்து நிற்கும். அதைக் கண்டு ஒருவர் புதுப் பொருள் கண்டதாக எண்ணலாம்; இருப்பதை இல்லை என்றும் முடிவு செய்யலாம். மாணவிக்கு இது நகைச்சுவைச் செய்தியாக இருக்கவில்லை. பல மாத உழைப்பை இப்படி ஒரு கோட்டின் பின்னால் செலவிட்ட பிறகே அவர் என்னிடம் வந்திருந்தார்.

கருவியை அசையாமல் நிறுத்தும் கலை காந்தத்தோடு பிறந்ததன்று. அதன் தமிழ்நாட்டு வரலாறு 1792இல் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் குழுமத்தின் அலுவலர் வில்லியம் பெட்ரி, 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் வைத்திருந்தார். அவருடைய கருவிகளைக் குழுமம் ஏற்றுக்கொண்டபின், மைக்கேல் டாப்பிங் என்பவரின் திட்டப்படி நுங்கம்பாக்கத்தில் ஒரு கட்டடம் எழுந்தது. அதன் நடுவில் ஏறத்தாழ 10 டன் எடையுள்ள ஒற்றைக் கருங்கல் தூணை நட்டனர். விண்மீன்களை நோக்கும் கருவி அத்தூணின் தலையில் அமர்ந்தது. இத்தகைய தூணின் தத்துவம் எளிது. கட்டடத்தின் தளத்தில் ஆள் நடப்பார், கதவு அடிபடும், சுவர் வெயிலில் விரியும். தூணோ தளத்தைத் தொடாமல் மண்ணுக்குள் தனியே இறங்கி நிற்க வேண்டும். மனிதர் நிற்கும் இடம் வேறு, கருவி நிற்கும் இடம் வேறு என்னும் இந்தப் பிரிவினையே பிற்கால ஆய்வகங்கள் அனைத்துக்கும் அடிப்படை.

அத்தூண் இன்றும் நுங்கம்பாக்கத்து வானிலை மைய வளாகத்தில் உள்ளது. மொழியியலாளனாகிய என்னை அதன்பால் ஈர்த்தது வேறொரு செய்தி. பின்வருவோர் ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் அறியட்டும் என்னும் கருத்தோடு அந்த ஆய்வகத்தில் இலத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் இந்துஸ்தானியிலும் கல்வெட்டுப் பொறித்தனர். நம் ஊர்க் காலக் கணக்கில் பார்த்தால், மலாக்கா செட்டிகள் துக்காங் எமாஸ் தெருவில் பொய்யாத விநாயகர் கோயிலைக் கட்டி 11 ஆண்டுகள் கழிந்திருந்தன. சென்னையிலிருந்து வந்த ஆங்கிலப் படை டச்சுக்காரரிடமிருந்து மலாக்காவைப் பெற இன்னும் 3 ஆண்டுகள் இருந்தன. அறிவியல் கட்டடம் ஒன்றில் தமிழ் இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அங்கே தமிழுக்குத் தரப்பட்ட வேலை, யார் கட்டினார் என்று சொல்வது மட்டுமே. தூண் ஏன் தனியே நிற்கிறது என்று விளக்கும் வேலை அதற்குத் தரப்படவில்லை. அதே ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து, 1867இல் ஓர் ஒளிமாறும் விண்மீனைக் கண்டறிந்த சிந்தாமணி இரகுநாதாசாரி, 1874இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடக்கவிருந்தபோது, அதைப் பொதுமக்களுக்கு விளக்க உரையாடல் வடிவில் ஒரு சிறுநூல் எழுதினார். ஆங்கிலத்தோடு இந்திய மொழிகளிலும் அது செல்ல வேண்டும் என்பது அவர் முயற்சி. பெயர் பொறிப்பதிலிருந்து பொருள் விளக்குவதற்கு மொழி நகர 82 ஆண்டுகள் ஆயின.

இதை இங்கே நான் இழுப்பதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் 2003 முதல் சில ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டதை இவ்வவையில் பலர் வகுப்பறையில் நின்றே கண்டவர்கள். அக்கொள்கை பின்னர் மாறிற்று. ஆனால் அந்த இடைவெளியில் ஒத்ததிர்வு போன்ற சொற்கள் ஒரு தலைமுறை மாணவர் வாயில் ஏறாமலே போயின. மாணவி என்னிடம் சொல் கேட்டு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கொள்கையின் நன்மை தீமை பற்றிய வாதத்துக்கு இது இடமன்று.

தூணின் கதைக்குத் திரும்புவோம். சென்னை வானாய்வகத்தின் பொறுப்பாளர் கோல்டிங்காம், ஊசலின் நீளத்தை அளந்து புவியின் வடிவத்தை அறிய முயன்றார். 1822இல் அவர் அனுப்பிய குழு, நமக்கு அண்டையிலுள்ள சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால், நிலநடுக்கோட்டை ஒட்டிய ஒரு தீவில் ஊசலாட்டத்தை அளந்தது. ஊசலைத் தாங்கும் சட்டம் ஊசலோடு சேர்ந்து இம்மியளவு ஆடினாலும் கணக்குத் தவறிவிடும். இந்தத் தொல்லை பத்தொன்பதாம் நூற்றாண்டின் அளவையாளர் அனைவரையும் துரத்திற்று. முக்கோண முறையில் இந்தியாவை அளக்கப் புறப்பட்ட லாம்டனுக்கோ வேறு வகைத் தொல்லை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அவருடைய அரை டன் எடைக் கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி உருக்குலைந்தது. ஆயிரமாண்டு அசையாது நிற்கும் உயரமான கல் வேறெங்கே கிடைக்கும் என்று அவர் எண்ணியிருப்பார். அதன்மேல் ஏற்றும் வழியில் தவறு நேர்ந்தது. பொறுமையாக அமர்ந்து அவரே அதைச் செப்பனிட்டார். பிற்கால அளவை நிலையங்களில், கருவிக்கு நடுவே ஒரு தனித் தூணும், அளப்பவர் நடமாட அதைத் தொடாத ஒரு மேடையும் என்று இரண்டாகவே கட்டினர். நுங்கம்பாக்கத்தின் பாடம் நாடெங்கும் சென்றது.

நகரங்கள் வளர்ந்தபோது தனித் தூணும் போதாதாயிற்று. 1881இல் மைக்கெல்சன் ஒளியின் வேகத்தை ஒப்பிடும் தம் கருவியைப் பெர்லினில் அமைத்தார். தெருப் போக்குவரத்தின் அதிர்வால் நள்ளிரவிலும் அளக்க முடியவில்லை. கருவியைப் பாட்ஸ்டாமுக்குக் கொண்டு சென்றார்; அங்கும் நூறு மீட்டர் தொலைவில் ஒருவர் தரையைக் காலால் உதைத்தால் ஒளிப்பட்டைகள் மறைந்தன. 1887இல் கிளீவ்லாந்தில் அவரும் மார்லியும் கருவியைப் பெரிய கற்பலகையில் ஏற்றி, அப்பலகையைப் பாதரசத்தில் மிதக்கவிட்டனர். இங்கே ஒரு புதுக் கருத்து நுழைகிறது. சென்னைத் தூண் நிலத்தை இறுகப் பற்றியது. கிளீவ்லாந்துப் பலகை நிலத்தை விட்டு விலகியது. அசையாமல் இருப்பதற்கு இப்படி இரண்டு எதிரெதிர் வழிகள் உண்டு. இன்றைய காந்த ஆய்வகம் இரண்டையும் ஒருங்கே கையாள்கிறது.

பம்பாய்க் கதை சற்று வேறு. அங்குக் கொலாபா ஆய்வகம் புவியின் காந்தத்தைப் பல்லாண்டுகள் அளந்து வந்தது. நகரில் டிராம் மின்சாரத்தில் ஓடப்போகிறது என்றதும், அதன் மின்னோட்டம் அளவைக் கெடுக்கும் என்று உணர்ந்த மூஸ் என்னும் இயக்குநர், 1904இல் அலிபாகில் புதிய நிலையம் அமைத்தார். ஈரிடத்திலும் இரண்டாண்டு ஒருங்கே அளந்து ஒப்பிட்டபின் கொலாபாவை நிறுத்தினார். இது அதிர்வன்று, காந்தத் தொல்லை. காந்த ஆய்வகம் வைப்போர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். அருகில் செல்லும் மின்தூக்கி தளத்தை ஆட்டவும் செய்யும். இரும்பு எடையோடு மேலும் கீழும் போவதால் புலத்தைத் திரிக்கவும் செய்யும். முன்னதற்கு மருந்து தளத்தில், பின்னதற்கு மருந்து தொலைவில்.

தளம் என்றேன். இங்கே தமிழ் நமக்கு ஓர் உதவி செய்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சுட்டப்படும் இடங்களை நாம் தரை என்றும் தளம் என்றும் பிரிக்கிறோம். மண்ணோடு ஒட்டியது தரை. தூண்களின்மேல் பாவியது தளம். இரண்டுக்கும் அடியில் இருப்பது நிலம். அதிர்வுக் கணக்கில் இம்மூன்றும் மூன்று வேறு சிக்கல்கள். நிலத்தின் அதிர்வு தொலைவிலிருந்து வரும்: சாலை, தொடர்வண்டி, கடல் அலை. தெங்கேராவைப் போன்ற கரையோரங்களில் மண் மென்களியாதலால் கனரக லாரியின் அதிர்வை எளிதில் வாங்கும். 2004, 2005ஆம் ஆண்டுகளில் சுமத்ராவில் நிலம் நடுங்கியபோது நம் நாட்டின் உயர்ந்த கட்டடங்களில் இருந்தோர் ஆட்டத்தை உணர்ந்து கீழே ஓடினர். தரையில் நின்றவர் பலர் ஒன்றையும் அறியவில்லை. மெதுவாக ஆடும் அலை, மெதுவாக ஆடும் இயல்புடைய கட்டடத்தைத் தேடிப் பிடித்தது. இதுவும் ஒத்ததிர்வே. மாடித் தளமோ தானே ஒரு முரசுத் தோல் போன்றது. மேலே ஒருவர் நடந்தால் நடுவில் துள்ளும். ஆகவே காந்தத்தை எங்கே வைப்பது என்னும் கேள்விக்கு முதல் விடை, தளத்தில் வைக்காதே, தரையில் வை என்பதே. இரண்டாவது, அத்தரையையும் சுற்றிலும் அறுத்துத் தனிப் பலகையாக்கு. நுங்கம்பாக்கத்துத் தூண் இங்கே கான்கிரீட் பலகையாகத் திரும்பி வருகிறது. காற்றாடி, எக்கி, மின்தூக்கி ஆகியவற்றைப் பலகைக்கு வெளியே, இயன்றால் வேறு அறையிலேயே, நிறுத்த வேண்டும்.

அதன் பிறகே மிதக்கவிடும் வழி. காந்தத்தின் மூன்று கால்களிலும் காற்று நிரம்பிய உறைகளை வைக்கிறார்கள். அந்த அமைப்பு விநாடிக்கு 2 முறை ஆடும் இயல்புடையது என்று கொள்வோம். விநாடிக்கு 20 முறை வரும் தள அதிர்வில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே மேலே ஏறும். ஆனால் 2 முறை வரும் அதிர்வு குறையாது, பெருகும். மனிதர் நடக்கும் வேகமும் விநாடிக்கு ஏறத்தாழ 2 அடி என்பதைக் கருவி விற்பவர் எல்லாரும் வாங்குபவரிடம் எடுத்துச் சொல்வதில்லை. ஏன் காற்று, இரும்பு வில் போதாதா என்று நானும் கேட்டேன். விநாடிக்கு 2 முறை ஆடும் வில், எடையை ஏற்றியதும் 6 சென்டிமீட்டர் அமுங்கும். ஒரு முறை ஆடுவதானால் 25 சென்டிமீட்டர். சில டன் எடையுள்ள உயரமான கலம் அப்படி அமுங்கி நின்றால் சாய்ந்துவிடும். காற்றுறையில் அழுத்தத்தைத் தானே சரிசெய்யும் அமைப்பு உண்டு. கலம் நேராக நிற்கும். இரண்டரை மில்லிமீட்டர் அமுங்கும் ரப்பர் விரிப்பை வைத்தால் ஆட்டம் விநாடிக்குப் பத்தை ஒட்டி இருக்கும். அது எக்கியின் ரீங்காரத்தைத் தடுக்கும், நடையைத் தடுக்காது.

பொய்க்கோட்டை இனங்காணும் முறையையும் மாணவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மாதிரிக் குழாயைச் சுழற்றி அளப்பதுண்டு. அச்சுழற்சியும் பக்கக் கோடுகளைத் தரும். சுழற்சி வேகத்தை மாற்றிப் பாருங்கள். கோடு நகர்ந்தால் குற்றம் சுழற்சியினுடையது. நகராவிட்டால் தளத்தினுடையது, அல்லது 50இல் நின்றால் மின்சாரத்தினுடையது. அறையிலுள்ள ஒவ்வோர் எந்திரத்தையும் நிறுத்திப் பார்த்தால் குற்றவாளி கிடைப்பான். மாணவியின் கோடு பல மாதம் அங்கேயே நின்றது. அடுத்த அறையின் சுவரில் பொருத்தியிருந்த குளிரூட்டி ஒன்றை யாரோ பழுதுபார்க்க நிறுத்தியபோது தானே மறைந்தது.

மேலே ரப்பர் என்றேனே, அதை இந்த ஊரில் நின்று விரைவாகக் கடந்துவிட முடியவில்லை. மலாயாவில் வாணிப நோக்கில் முதன்முதலாக ரப்பர் பயிரிட்டவர் நம் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். 1896இல், புக்கிட் லிந்தாங்கில். அதன் பின் தோட்டந்தோறும் தமிழர் வந்து பால் வெட்டிய வரலாற்றை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் பிறந்த லயத்துக்கு எதிரே ஆலை இருந்தது. விடியலுக்குப் பின் உருளை எந்திரம் ஓடத் தொடங்கினால் எங்கள் வீட்டுப் பலகைத் தளம் ஆடும். தட்டில் வைத்த தேநீரில் வட்டம் வட்டமாகக் கோடு தோன்றும். அதிர்வை நான் முதலில் படித்தது அக்கோப்பையில்தான். அந்த ஆலையில் உருவான பொருளே பிறிதோரிடத்தில் அதிர்வைத் தடுக்கப் போகிறது என்று அன்று எங்களில் எவருக்கும் தெரியாது.

ரப்பர் ஏட்டையும் எஃகுத் தகட்டையும் மாறி மாறி அடுக்கி ஒட்டினால், மேலிருந்து வரும் எடையைத் தாங்கும், பக்கவாட்டில் நெகிழும் ஒரு தாங்கி கிடைக்கிறது. 1960களின் நடுவில் இலண்டனில், நிலத்தடித் தொடர்வண்டி நிலையத்தின்மேல் எழுந்த ஆல்பனி கோர்ட் என்னும் குடியிருப்பை இத்தகைய தாங்கிகளின்மேல் நிறுத்தினர். வண்டி அடியில் ஓடும். மேலே உறங்குவோர் அறியமாட்டார். மலேசிய ரப்பர் உற்பத்தியாளர்களின் பணத்தில் இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்டு அருகே நடந்த ஆய்வகம், ஆட்டத்தைத் தன்னுள் விழுங்கும் இயற்கை ரப்பர்க் கலவையை உருவாக்கிற்று. 1985இல் கலிபோர்னியாவில், அமெரிக்காவிலேயே முதன்முறையாக நிலநடுக்கத்துக்கு எதிராக ஒரு நீதிமன்றக் கட்டடம் ரப்பர்த் தாங்கிகளின்மேல் எழுந்தபோது அக்கலவையே பயன்பட்டது. 2014இல் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாம் பாலமும் அவ்வகைத் தாங்கிகளின்மேல் நிற்கிறது.

கடன் இருபுறமும் உண்டு. ரப்பர் மூலக்கூறு ஏன் அவ்வாறு நெகிழ்கிறது என்பதைக் கரு ஒத்ததிர்வே தெளிவாகக் காட்டிற்று. சங்கிலியின் கண்ணிகள் ஏறத்தாழ அனைத்தும் ஒரே பக்கம் வளைந்தவை என்பதையும், சங்கிலியின் ஒரு நுனியில் மட்டும் வேறு வகை வளைவு உண்டு என்பதையும் ஜப்பானிய அறிஞர் யசுயுக்கி தனாக்காவும் அவர் குழுவினரும் கார்பன் கருக்களை நோக்கி ஆராய்ந்தனர். நீண்ட சங்கிலியின் நுனியிலிருந்து வரும் கோடு மிக நலிந்தது. தளம் அமைதியாக இல்லாத ஆய்வகத்தில் அதைத் தேட முடியாது.

மாணவிக்கு நான் கடைசியில் சொன்னது இது: கருவியின் பெயரில் ஒத்ததிர்வையே வைத்துக்கொள், ஆசிரியர்களும் நூல்களும் அதை அறிவார்கள். நிலத்திலிருந்தும் தளத்திலிருந்தும் வருவதை வெறும் அதிர்வு என்று விடாமல், நில அதிர்வு, தள அதிர்வு என்று இடத்தைச் சேர்த்து எழுது. கருவியின் ஆட்டத்துக்கு நடுக்கம் என்று எழுதினாலும் தவறில்லை; தொல்காப்பியர் மறுக்கமாட்டார். பரிவு என்னும் சொல்லை ஓரிடத்திலாவது அறிமுகப்படுத்து. யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் உன் கட்டுரையைப் படிக்கக்கூடும். அவர் முதல் மூன்றையும் ஏற்றார். பரிவை மட்டும், நூலகத்தில் தேடினால் கவிதைதான் வருகிறது என்று சொல்லி விட்டுவிட்டார்.

வகுப்பில் இதைக் காட்ட மீக்கடத்தியும் ஹீலியமும் வேண்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டு வானாய்வாளர், தட்டில் பாதரசம் ஊற்றி, அதில் தெரியும் விண்மீனின் பிம்பம் நடுங்குகிறதா என்று பார்த்து நிலத்தைச் சோதித்தனர். பாதரசம் நஞ்சு, நீர் போதும். தெங்கேராவில் என் வீடு பழைய கடைவீடு, மேல்மாடி பலகைத் தளம். அங்கே ஒரு தட்டில் நீர் வைத்து, அருகில் விளக்கேற்றி, அதன் பிம்பத்தைச் சுவரில் விழச் செய்தேன். என் பேரன் கூடத்தின் மறுகோடியில் நடந்தபோதெல்லாம் சுவரில் ஒளி துடித்தது. தட்டைக் கீழே சிமெண்டுத் தரைக்குக் கொண்டுவந்தேன். அவன் ஓடினாலும் ஒளி அசையவில்லை, லாரி போனபோது மட்டும் சிலிர்த்தது. பிறகு மிதிவண்டியின் உட்குழாயில் அரைக் காற்று அடைத்து, அதன்மேல் பலகையும் பலகைமேல் தட்டும் வைத்தேன். லாரியின் சிலிர்ப்பு அடங்கிவிட்டது. ஆனால் பலகையைத் தொட்டதும் தொடங்கிய மெல்லிய ஊசலாட்டம் நெடுநேரம் நிற்கவில்லை. பேரன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அதை எண்ணத் தொடங்கினான்.